எஞ்சியவையும் மறைந்தவையும்: பிரெஞ்சு ஜி.டி.ஐ. கார்களின் கதை

பெஜோ 205 ஜி.டி.ஐ. சிறந்ததா, ரெனோ 5 ஜி.டி. டர்போ சிறந்ததா என்னும் வழக்கு 1985இல் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதற்குத் தீர்ப்பு வரவில்லை. அன்று அதை வாதிட்டவர்கள் புதிய வண்டி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள். இன்று வாதிடுபவர்கள் பழைய வண்டியைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கும் நடுவயதினர். ஆனால் வழக்கில் மாறியவர்கள் வாதிகள் மட்டுமல்லர். சாட்சியங்களும் மாறிவிட்டன. 1987இல் ஒரு பிரெஞ்சு நகரத் தெருவில் அடுத்தடுத்து நின்ற அந்த இரு கார்களும், இன்று ஓர் ஒப்பீட்டுக்காக அருகருகே நிறுத்தப்படும் இரு கார்களும் ஒன்றல்ல. இடையில் நிகழ்ந்தது என்ன என்பதை அறியாமல் செய்யப்படும் ஒப்பீடு, எஞ்சியதை மட்டும் வைத்து மறைந்ததற்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்வதாகவே முடிகிறது.

முதலில் பெயர். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய குடும்பக் காரில் வலிமையான எஞ்சினைப் பொருத்திய வகையை உலகம் ‘ஹாட் ஹேட்ச்’ என்கிறது. இது ஆங்கிலேயர் இட்ட பெயர். பிரெஞ்சுக்காரர்களோ ஜி.டி.ஐ. என்ற எழுத்துகளையே ‘ஜே-தே-ஈ’ என்று ஒலித்து, அதைப் பொதுப்பெயராக்கிக்கொண்டார்கள். பேச்சு வழக்கில் ‘போம்பினெத்’ என்ற சொல்லும் உண்டு. ‘குட்டி வெடிகுண்டு’ எனலாம். இறுதியில் நிற்கும் ‘-எத்’ சிறுமை உணர்த்தும் விகுதி. இந்த விகுதி இக்கார்களின் வரலாற்றில் பிறப்பு முதல் இறப்பு வரை கூடவே வருவது வேடிக்கைதான். 1956இல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த வாகன வரியின் பெயர் ‘விஞ்ஞெத்’. சொற்பிறப்பின்படி அது ‘சிறு திராட்சைக்கொடி’. நடைமுறையில் முன்கண்ணாடியில் ஒட்டப்படும் வில்லை.

அந்த வில்லையின் விலை காரின் ‘வரிக்குதிரைத்திறனை’ப் பொறுத்தது. இது எஞ்சினின் உண்மையான ஆற்றல் அன்று. சூத்திரம் ஒன்றால் அரசு கணக்கிட்டுக்கொண்ட எண். பெரிய எஞ்சின் என்றால் பெரிய வரி. போருக்குப் பிந்தைய பிரான்சில் பெரிய, வேகமான கார்கள் ஏறக்குறைய அற்றுப்போனதற்கு இவ்வகை வரிக்கொள்கை முதன்மையான காரணங்களுள் ஒன்று. வேகத்தின் மீதான ஆசையை வரியால் அழிக்க முடியவில்லை. அதைச் சிறிய உடலுக்குள் தள்ள மட்டுமே முடிந்தது. 1964இல் வந்த ரெனோ 8 கோர்தினி அதற்கு முதல் அடையாளம். பெட்டி போன்ற எளிய நான்கு கதவுக் காரை எடுத்து, நீல வண்ணம் பூசி, வெள்ளைக் கோடுகள் இழுத்து, அமெதே கோர்தினி செப்பனிட்ட எஞ்சினைப் பின்புறம் வைத்தார்கள். 1966 முதல் அதற்கென்றே நடத்தப்பட்ட பந்தயத் தொடர், கைப்பணம் அதிகமில்லாத ஒரு தலைமுறைக்கு ஓட்டுநர் பள்ளியாயிற்று. ஹேட்ச்பேக் இன்னும் பரவவில்லை. ஆனால் மலிவான வண்டியில் மிகுந்த வேகம் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது.

இவ்வகையின் முதல் வண்டி ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்பது பரவலான நம்பிக்கை. கோல்ஃப் 1975இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976இல் விற்பனைக்கு வந்தது. ஆற்றல் 110 குதிரைத்திறன். அதற்கு முன்பே பிரான்சின் சிம்கா நிறுவனம் தன் முன்சக்கர இயக்க 1100 காரில் 1,294 சி.சி. எஞ்சினையும் இரட்டைக் கார்புரேட்டரையும் பொருத்தி ‘டி.ஐ.’ என்ற வடிவத்தை விற்றுக்கொண்டிருந்தது; 82 குதிரைத்திறன். முன்னோடி யார் என்ற கேள்விக்குக் காலவரிசை தரும் விடை சிம்கா என்பதே. நினைவு தரும் விடை வேறு. சிம்கா 1100 துருவுக்குப் பேர்போனது. வண்டிகள் கரைந்தே போயின. 1978இல் அந்நிறுவனத்தைப் பெஜோ வாங்கியது. அடுத்த ஆண்டே சிம்கா என்ற பெயர் டால்போவுக்கு வழிவிடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் டால்போவும் போயிற்று. உரிமை கொண்டாட நிறுவனமும் இல்லை, காட்சிக்கு வைக்க வண்டியும் அரிது என்னும்போது முன்னோடிப் பட்டம் எளிதில் கைமாறிவிடுகிறது.

1976இல் ரெனோ 5 அல்பீன் வந்தது. மூலக் காரான ரெனோ 5ஐ வரைந்தவர் மிஷெல் புவே. தன் கார் தெருவுக்கு வந்த 1972ஆம் ஆண்டிலேயே புற்றுநோயால் இறந்தார். அல்பீன் வடிவம் 93 குதிரைத்திறனுடன், ழான் ரெதெலே நிறுவிய தியெப் நகர்த் தொழிற்சாலையில் உருவாயிற்று. பிரிட்டனில் ‘அல்பைன்’ என்ற பெயரின் உரிமை கிரைஸ்லரிடம் இருந்ததால் அங்கே அதே வண்டி ‘கோர்தினி’ ஆனது. பெயர்கள் இங்கே பரம்பரைச் சொத்தைப்போல் கைமாறுகின்றன. பொருளுக்கும் பெயருக்கும் உள்ள உறவு எத்தனை தளர்வானது என்பதற்கு மொழியியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

பெஜோவின் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. 1970களின் நடுவில் சிட்ரோயனையும், 1978இல் கிரைஸ்லரின் ஐரோப்பியப் பிரிவையும் விழுங்கிய அந்நிறுவனம், செரிக்க முடியாமல் திணறியது. 1980களின் தொடக்கத்தில் அதன் இழப்புகள் பெருகின. 1983இல் வந்த 205 அந்த நிலையைத் திருப்பியது. ஜெரார் வெல்தேர் தலைமையில் நிறுவனத்துக்குள்ளேயே வரையப்பட்ட வடிவம் அது. 1984ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கார் விருது ஃபியட் ஊனோவுக்குப் போனது. 205 இரண்டாம் இடம். ஆனால் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றுத் தன் நிறுவனத்தைக் காப்பாற்றியது இரண்டாம் இடத்து வண்டிதான். சோஷோ நகரில் முதுமையடைந்த, மருத்துவருக்கும் பாதிரியாருக்கும் கார் செய்பவர் என்று கேலி செய்யப்பட்ட ஒரு நிறுவனத்துக்கு இளமைத் தோற்றம் தேவைப்பட்டது. அதற்காக ழான் புவாயோவின் நிர்வாகம் 1981இல் ராலி இணை ஓட்டுநராக இருந்த ழான் தோத்தை அழைத்து விளையாட்டுப் பிரிவை ஒப்படைத்தது.

தோத் உருவாக்கிய 205 டர்போ 16க்கும் கடையில் விற்ற 205க்கும் தோற்ற ஒற்றுமை மட்டுமே உண்டு. பந்தய வண்டியின் எஞ்சின் நடுவில் இருந்தது. நான்கு சக்கரங்களும் இயங்கின. ‘குழு பி’ விதிகளின்படி 200 வண்டிகள் செய்து காட்டினால் போதும். 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக ராலிப் பட்டம் பெஜோவுக்குக் கிடைத்தது. 1986 மே மாதம் கோர்சிகாவில் லான்சியா ஓட்டிய ஹென்றி தொய்வொனெனும் இணை ஓட்டுநர் செர்ஜோ கிரெஸ்தோவும் தீயில் கருகி இறந்த பின்னர் அவ்வகைப் பந்தயமே தடைசெய்யப்பட்டது. இதற்கிடையில், 1984இல் வெளிவந்த ஜி.டி.ஐ. அந்தப் புகழின் பங்கைச் சத்தமின்றிப் பெற்றுக்கொண்டது. வாங்கியவர் வாங்கியது ஜி.டி.ஐ.; மனத்தில் ஓட்டியது டர்போ 16.

இருந்தாலும் ஜி.டி.ஐ.யின் தகுதி இரவல் தகுதியன்று. முதல் வடிவத்தில் 1,580 சி.சி. எஞ்சின், 105 குதிரைத்திறன், எடை சுமார் 850 கிலோ. 1986இல் ஆற்றல் 115 ஆனது. அவ்வாண்டின் இறுதியில் 1,905 சி.சி., 130 குதிரைத்திறன் கொண்ட பெரிய தம்பி வந்தான். இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் 83 மி.மீ. தான். சிறியதில் பிஸ்டன் 73 மி.மீ. நகர்கிறது, பெரியதில் 88 மி.மீ. நகர்கிறது. இந்த 15 மி.மீ. வேறுபாட்டின் மீது தனி இலக்கியமே எழுந்திருக்கிறது. சிறியது சுழலச் சுழலக் களிக்கும். பெரியது கீழ் வேகத்திலேயே இழுக்கும். 1.6ஐ விரும்புவோர் 1.9க்காரர்களைச் சோம்பேறிகள் என்பர், 1.9க்காரர்கள் மற்றவர்களை அந்நாளில் பணம் போதாதவர்கள் என்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

இரு வடிவங்களுக்கும் பொதுவானது பின் அச்சின் குணம். 205இன் பின்சக்கரங்கள் இழுவைக் கைகளில் நிற்கின்றன. குறுக்கே கிடக்கும் முறுக்குத் தண்டுகள் ஸ்பிரிங்குகளாகச் செயல்படுகின்றன. வளைவில் வேகமாகப் போகும் ஓட்டுநர் நடுவழியில் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பாரம் முன்னே சாயும். பின்சக்கரங்களின் பிடி தளரும். வால் வெளியே வீசும். அறிந்து செய்பவருக்கு இது கருவி. வளைவுக்குள் மூக்கைத் திருப்ப ஸ்டீயரிங்கைவிடப் பாதமே பயன்படும். அறியாதவருக்கு இது வேலியோ மரமோ. அச்சமே ஆபத்தை விளைவிக்கும் இயந்திரம் அது. அக்காலச் சோதனை ஓட்டக் கட்டுரைகள் இதை ‘உயிர்ப்பு’ என்று புகழ்ந்தன. புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் தேர்ந்த ஓட்டுநர்கள். வாங்கியவர்களில் பலர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். விபத்துகள் ஏறின, காப்பீட்டு நிறுவனங்கள் கவிதை படிக்கவில்லை, கணக்குப் பார்த்தன.

ரெனோ 5 ஜி.டி. டர்போ 1985இல் வேறொரு தர்க்கத்துடன் வந்தது. இரண்டாம் தலைமுறை ரெனோ 5இன் உடலை வரைந்தவர் மார்செல்லோ கன்தீனி; லம்போர்கினிக் கார்களின் சிற்பி. உள்ளே இருந்ததோ 1962இல் அறிமுகமான, தள்ளுகோல்களால் வால்வு இயங்கும், வார்ப்பிரும்பு எஞ்சினின் வழித்தோன்றல்: 1,397 சி.சி. அதன் மீது டர்போ ஏற்றி 115 குதிரைத்திறன் எடுத்தார்கள். 1987இல் 120 ஆயிற்று. எரிபொருளோ கார்புரேட்டர் வழியாகத்தான் வந்தது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினால், கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகிவிட்டிருக்கும், வண்டி கிளம்பாது. எஞ்சின் நின்ற பிறகும் கார்புரேட்டரைக் குளிர்விக்கத் தனியே ஒரு விசிறி சுழன்றது என்பதிலிருந்தே நோயின் தீவிரம் தெரியும். ஓட்டத்தில் இன்னொரு பொறுமை தேவைப்பட்டது: மிதித்தால் கணநேரம் ஒன்றும் நிகழாது, பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நிகழும். பழைய கட்டுமானம், தற்காலிகத் தீர்வுகள் என்று இகழ்வோர் ஒன்றை மறக்கின்றனர். 1989இல் அலான் ஓரெய் ஐவரி கோஸ்ட் ராலியை இந்த வண்டியில் வென்றார். கடை வண்டிக்கு மிக நெருக்கமான ‘குழு என்’ வகைக் கார் ஒன்று உலக ராலி வரிசைப் பந்தயத்தில் ஒட்டுமொத்த முதலிடம் பெற்றது அந்த ஒரு முறைதான். பெஜோவின் பந்தயப் புகழ் வேறொரு வண்டியிடமிருந்து வந்தது. ரெனோவுடையது அதே வண்டியுடையது.

இவ்விரு பெயர்களின் ஆரவாரத்தில் சிட்ரோயன் மறைந்துபோகிறது. சுமார் 720 கிலோ எடையில் 85 குதிரைத்திறன் கொண்ட ஏ.எக்ஸ். ஜி.டி. இவ்வகையின் மிகத் தூய வடிவம் என்று வாதிட இடமுண்டு. இன்றைய ‘ஹாட் ஹேட்ச்’ ஒன்று 1,200 கிலோவுக்குக் கீழே இறங்குவது அரிது. பெஜோவின் 205 ராலி வடிவமும் அப்படித்தான்: வெள்ளை நிறம், இரும்புச் சக்கரங்கள், ஆடம்பரம் எதுவுமில்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஓர் ஓரப் பங்கு உண்டு. டால்போ பெயரில் வரவிருந்து கடைசி நேரத்தில் பெஜோ ஆக்கப்பட்ட 309, ஐரோப்பாவில் 205இன் அதே 1.9 எஞ்சினோடு ஜி.டி.ஐ. ஆகவும் விற்றது, கையாளுதலில் தம்பியைவிடத் தேர்ந்தது என்று சொல்வோரும் உளர். அதே 309ஐத்தான் 1990களின் நடுவில் பிரீமியர் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து கல்யாணில் தயாரித்தார்கள். இங்கே வந்தது சாந்தமான குடும்ப வடிவம் மட்டும். சில ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. இந்தியச் சாலையில் அதைக் கண்ட பலருக்கு அதன் மூர்க்கமான உடன்பிறப்பைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீழ்ச்சி விரைவாக வந்தது. காப்பீட்டுக் கட்டணம் இளைஞர் கைக்கு எட்டாமல் உயர்ந்தது. பிரிட்டனில் திருட்டும் அதற்குக் காரணமாயிற்று. 1993 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஐரோப்பா முழுவதும் இன்றியமையாததாகி, 130 குதிரைத்திறன் 120ஐ ஒட்டிச் சுருங்கியது. பிரான்சில் 1992 ஜனவரி முதல் பழைய கார்களுக்குத் தகுதிச் சோதனை கட்டாயமானது. பின்னர் வந்தவை அந்த இரண்டு ‘-எத்’கள். 1994இல் பல்லாதூர் அரசு, பத்து ஆண்டுகளைத் தாண்டிய காரை உடைத்துப் புதுக்கார் வாங்குவோருக்கு 5,000 பிராங்கு கொடுத்தது. மக்கள் அதைப் ‘பல்லாதுரெத்’ என்றனர். அடுத்துவந்த ஜுப்பே அரசு வயது வரம்பை எட்டாகக் குறைத்துத் தொகையை 7,000 வரை உயர்த்தியது. அது ‘ஜுப்பெத்’, குட்டைப் பாவாடையைக் குறிக்கும் சொல்லோடு சிலேடை. நகைச்சுவை இருக்கட்டும். எட்டு ஆண்டு என்றால் 1987, 1988 வரை செய்த வண்டிகள். மூன்று கை மாறி, துரு கண்டு, சோதனையில் தவறிய ஒரு 5 அல்பீனுக்கோ முதல் கால 205க்கோ சந்தையில் கிடைக்கும் விலையைவிட அரசு கொடுக்கும் தொகை கவர்ச்சியாக இருந்திருக்கும். இன்று அருங்காட்சியகம் தேடும் பொருளை அன்று நசுக்கியது விபத்து மட்டுமன்று, கொள்கையும்தான்.

அழிவு சமமாக நிகழவில்லை என்பதே ஒப்பீட்டின் சிக்கல். ஜி.டி. டர்போவின் டர்போ அழுத்தத்தை உயர்த்தச் சிறு மாற்றம் போதும். செலவு சொற்பம், பலன் உடனடி. ஆகவே ஏறக்குறைய எல்லோரும் உயர்த்தினார்கள். ஹெட் கேஸ்கெட்டுகள் எரிந்தன, பிஸ்டன்கள் உருகின, உடல்கள் மோதின. தப்பியவை பெரும்பாலும் அஞ்சி ஓட்டிய உரிமையாளர்களின் வண்டிகள். 205இன் எஞ்சினை அப்படி மலிவாகத் தூண்ட முடியாது. அதனால் அது கூடுதலாகப் பிழைத்தது. ‘பெஜோ உறுதியானது, ரெனோ உடையக்கூடியது’ என்ற இன்றைய தீர்ப்பில் பொறியியல் பாதி, உரிமையாளர்களின் நடத்தை மீதி. பிரிட்டனின் ‘கார்’ இதழ் 1980களின் சிறந்த காராக 205ஐத் தேர்ந்தெடுத்தபோது வைத்த தரவரிசை, பிற்கால நினைவையும் வடிவமைத்தது. எது புகழப்பட்டதோ அது காக்கப்பட்டது; எது காக்கப்பட்டதோ அது மேலும் புகழப்படுகிறது.

காப்பதற்கு வேறொரு வழியை ரெனோ 1993இல் கண்டுபிடித்தது. பார்முலா ஒன் பந்தயத்தில் வில்லியம்ஸ் அணிக்கு எஞ்சின் வழங்கிய பெருமையைக் கொண்டு கிளியோ வில்லியம்ஸை வெளியிட்டது: நீல உடல், பொன்னிறச் சக்கரங்கள், இரண்டு லிட்டர் எஞ்சின், உள்ளே வரிசை எண் பொறித்த தகடு. வில்லியம்ஸ் அணிக்கு அதன் பொறியியலில் பங்கில்லை. குறைந்த எண்ணிக்கையில்தான் வரும் என்று நம்பி வாங்கியவர்கள், அடுத்தடுத்து இரண்டாம், மூன்றாம் பதிப்புகள் வந்தபோது கொதித்தார்கள். ஓட்டுவதற்கென்று பிறந்த வகையில் ‘எத்தனையாவது’ என்ற கேள்வி நுழைந்தது அப்போதுதான்.

இன்று ஒரு 205 ஜி.டி.ஐ. வைத்திருப்பது பாதி ஓட்டுநர் வேலை, பாதி பதிப்பாசிரியர் வேலை. பின் அச்சின் பேரிங்குகள் தேய்ந்தால் பின்சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாயும். வாங்க வருபவர் முதலில் வண்டியின் பின்னால் நின்று பார்ப்பது அதைத்தான். வெயிலில் வெளுத்த கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்புகள், சிவப்புத் தரைவிரிப்பு, இருக்கைத் துணி ஆகியவை எஞ்சினைவிட அரியவை. எஞ்சினைத் திரும்பக் கட்டலாம், துணியை நெய்ய முடியாது. பெஜோவின் மரபுக் காப்பு அமைப்பே இப்போது 205 ஜி.டி.ஐ.களைப் புதுப்பிக்கும் பணியில் இறங்கியிருக்கிறது. பிரான்சில் முப்பது ஆண்டு கடந்த வண்டியைச் சேகரிப்பு வாகனமாகப் பதிவுசெய்தால் சோதனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆனால் அதற்கு வண்டி மூல வடிவிலிருந்து மாறாதிருக்க வேண்டும். ‘மூல வடிவம்’ எது? ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைக் கண்டறிபவர் கேட்கும் கேள்வியே பட்டறையிலும் கேட்கப்படுகிறது. 1990களில் விவரமறிந்த உரிமையாளர்கள் தங்கள் 1.9இன் எட்டு வால்வு எஞ்சினைக் கழற்றிவிட்டு, பெஜோ 405 எம்.ஐ.16இன் பதினாறு வால்வு எஞ்சினைப் பொருத்தினார்கள். ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் அது எளிதாக உட்கார்ந்தது. ஆற்றல் 160ஐத் தொட்டது. அன்று அது வண்டிக்குக் கிடைத்த உயர்ந்த மரியாதை. இன்று விலை கேட்பவர் பானெட்டைத் திறந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். அதே உரிமையாளர்கள் இப்போது பதினாறு வால்வை இறக்கிவிட்டு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் காயலான் கடையில் எடைக்குப் போட்ட எட்டு வால்வு எஞ்சினைப் பலமடங்கு விலை கொடுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.